பின் சீட்டிலிருந்து எழுதுகிறேன்

தம்பி, நேற்று மத்தியானம் பண்ருட்டியிலிருந்து ஒரு ஆள் வந்து வாசலில் நின்று, போன தடவை வந்தபோது நீ விட்டுவிட்டுப் போன வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நீதான் அனுப்பினாயாம். டயரை அமுக்கினார், டேங்க்கைத் தடவினார், சாவி கேட்டார். நான் கொடுக்கவில்லை. வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, வெயிலில் வந்த மனுஷனாயிற்றே என்று ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். உங்கள் பையன்தானே போனில் எல்லாம் பேசினார் என்றார். பேசினவன் சென்னையில் இருக்கிறான், வண்டி செம்மண்டலத்தில் என் வீட்டில் நிற்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்றேன். இந்நேரம் அவர் உனக்குப் போன் செய்திருப்பார், நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாய். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆபீஸில் ஊரில் உள்ள எல்லோருக்கும் "பார்வையில் காணும் கடிதம் தொடர்பாக" என்று எழுதியே காலம் தள்ளியவள் நான். பெற்ற பிள்ளைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

நீ ஏன் விற்கிறாய் என்று தெரியாமல் இல்லை. ஸ்டெல்லாவின் அப்பா கல்யாணத்துக்குச் சம்மதித்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். தன் மகள் அந்த மாதிரி வண்டியில் ஏறக் கூடாது, அதை விற்றுவிட வேண்டும் என்றார். நீ மூச்சு விடாமல் தலையை ஆட்டினாய். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பெண்ணைப் பெற்றவர் அப்படித்தான் பயப்படுவார். அந்த வண்டியும் லேசுப்பட்டதா, நிற்கும்போதே பாய்ந்துவிடுகிற மாதிரி அல்லவா நிற்கிறது. என் வருத்தமெல்லாம் உன்மேல்தான். கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் நீயாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய். அப்படி ஒப்புக்கொண்டதை நல்ல பிள்ளையின் லட்சணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

வண்டி முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது உனக்கு. சென்னையிலிருந்து அதை ஓட்டிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்தினாய். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "பின்னால யாரு ஒக்காருவாங்க, குருவியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஓட்டுகிறவனுக்கு ஒரு சீட்டு, அதற்குப் பின்னால் ஒரு சாண் உயரத்தில் சாமி படம் வைக்கிற பலகை அளவுக்கு இன்னொரு சீட்டு. ஓட்டுகிறவனாவது வசதியாக உட்கார முடியுமா என்றால் அதுவும் இல்லை, டேங்க்கின்மேல் கவிழ்ந்துகொண்டுதான் போக வேண்டும். இதில் ஊர் ஊராகச் சுற்றப் போகிறேன் என்று நீ சொன்னபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. உன் சிநேகிதர்களும் சொன்னார்களாம், இது ரேஸுக்கென்று செய்த வண்டி, தூரம் போவதற்கு நிமிர்ந்து உட்காருகிற வண்டி வேறு இருக்கிறது என்று. நீ யார் பேச்சைக் கேட்டாய். "ரேஸு, டூருன்னு வண்டிக்கு என்னம்மா தெரியும், பெட்ரோல் போட்டா போவுது" என்றாய்.

அப்படியே போகவும் செய்தாய். டேங்க்கின்மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற ஒரு பை, பின்னால் இரண்டு பக்கமும் தொங்குகிற பைகள், செயினுக்கு அடிக்க ஒரு எண்ணெய் டப்பா. ஊட்டி, ஹம்பி, கோவா என்று போய்விட்டு, மணிக்கட்டு வீங்கி, கழுத்தைத் திருப்ப முடியாமல் திரும்பி வருவாய். நான் நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துக்கொண்டே திட்டுவேன். இவ்வளவு வலித்தும் எதற்குடா போகிறாய் என்று ஒரு தடவை கேட்டதற்கு நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய், "வலிக்கிறது மொத நூறு கிலோமீட்டர்தாம்மா. அப்புறம் ஒடம்பு எங்க இருக்குன்னே தெரியாது." அது எனக்கு அன்று புரியவில்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த தூரம் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைதான். கல்யாணமான புதிதில் அங்கே வேலை கிடைத்தது, ரிட்டையர் ஆகும்வரை காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். என் ஆயுசில் பாதி அந்த ரோட்டில்தான் போயிற்று. ஆனால் அந்த ரோட்டைப் பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை. தூங்கினேன். முதுநகரில் மீன் வாடை மூக்கில் ஏறும்போது கண்ணை மூடினால், சிதம்பரத்தில் கண்டக்டர் கத்தும்போதுதான் திறப்பேன். வீட்டில் உன்னையும் உன் அப்பாவையும் பார்த்து, ஆபீஸில் ஃபைல்களைப் பார்த்து, எனக்கே எனக்கென்று இருந்தது அந்த பஸ் தூக்கம் ஒன்றுதான். அதில் கனவெல்லாம் வரும். கனவில் பஸ் ரோட்டை விட்டு இறங்கி நேராகக் கடலுக்குள் போகும், யாரும் பயப்பட மாட்டார்கள், கண்டக்டர் பாட்டுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே வருவார். ஜன்னலுக்கு வெளியே மீன்கள் ஆலப்பாக்கம் ஸ்டாப்பிங்கில் நிற்கிற ஜனங்களைப் போல நிற்கும். விழித்துப் பார்த்தால் சிதம்பரம் மேலவீதி வந்திருக்கும்.

ரிட்டையர் ஆனதும் நீ கேட்டாய், எங்கேயாவது போகவேண்டும் என்று ஆசை இருக்கிறதா என்று. கன்னியாகுமரி என்றேன். தேவனாம்பட்டினத்தில் பிறந்தவளுக்கு ஒரு கடல்தான் தெரியும், அதிலிருந்து சூரியன் வருவதுதான் தெரியும். கடலுக்குள்ளேயே சூரியன் இறங்குகிற இடம் ஒன்று இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டதிலிருந்து மனதில் இருந்தது. நீ ரயிலுக்கு டிக்கெட் போட்டாய், அது வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று உன் அப்பா பேப்பரைப் பிரித்தார். நீ விளையாட்டாக, வா வண்டியிலேயே போகலாம் என்றாய். அப்போது அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "ஒங்கம்மா அதுல ஏறுனா சிதம்பரம் தாண்ட மாட்டா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஏறியிருக்கவே மாட்டேன்.

புடவையோடு அந்தச் சீட்டில் உட்கார வழியே இல்லை என்பதால் ஐம்பத்தெட்டு வயதில் முதல் சுடிதார் தைத்துக்கொண்டேன். உன் அப்பா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். ஆனாலும் அவருடைய பழைய எட்டு முழ வேட்டியை மடித்துச் சீட்டின்மேல் வைத்துக் கட்டச் சொன்னவர் அவர்தான். கிளம்பும்முன் நீ எனக்குப் பாடம் எடுத்தாய். பிரேக் போட்டால் உன்மேல் சாயக் கூடாது, கையை டேங்க்கில் ஊன்றிக்கொள்ள வேண்டும். வளைவில் நீ எந்தப் பக்கம் சாய்கிறாயோ அந்தப் பக்கமே நானும் சாய வேண்டும், எதிர்த்து உட்காரக் கூடாது. எதிர்த்து உட்காராமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன் அப்பாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவார்.

அந்தச் சீட்டில் ஒரு விசேஷம் உண்டு, உனக்கே தெரிந்திருக்காது, நீ எப்போதும் முன்னால் இருப்பவன். பின்னால் உட்காருகிறவளின் தலை உன் தலைக்கு மேலே இருக்கிறது. ரோடு முழுவதும் தெரிகிறது. கால்மிதி உயரத்தில் இருப்பதால் முழங்கால் வயிற்றை இடிக்கிறது, இஞ்சின் சூடு கணுக்காலில் அடிக்கிறது, தூங்கலாம் என்றால் முடிகிற காரியமா. வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டே வந்தேன். புதுச்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டை ஒட்டி ஒரு அல்லிக்குளம் இருக்கிறது. அது எத்தனை வருடமாக அங்கே இருக்கிறதோ, நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முட்லூர் தாண்டியதும் ரோட்டில் பாதியை அடைத்து உளுத்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினால் காய் உடைந்து உளுந்து உதிரும், அடிக்கிற கூலி மிச்சம். நீ காலைத் தரையில் ஊன்றி ஊன்றி ஓரமாகப் போனாய். ஒரு அம்மா கையில் குச்சியோடு ஓடிவந்து, "மேல ஏத்திக்கினு போ தம்பி, ஓரமா போறியே" என்று சண்டைக்கு வந்தாள். ஏற்றினால் டயர் வழுக்கி நீயும் நானும் அவள் உளுந்தின்மேல் விழுவோம் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது. நீ ஹெல்மெட்டுக்குள் சிரித்தது உன் முதுகில் தெரிந்தது.

சிதம்பரம் போய், கொள்ளிடம் பாலத்தின்மேல் ஏறியபோது, "தாண்டிட்டம்மா" என்று கத்தினாய். எனக்கும் கத்த வேண்டும்போல இருந்தது. அதற்கப்புறம் எனக்குத் தெரியாத உலகம். தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று இடது பக்கம் கடல் வந்து வந்து போயிற்று. கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், மறந்துவிட்ட நேரத்தில் மறுபடி பக்கத்தில் வந்து நிற்கும்.

அன்று என் மனதில் ஓடிக்கொண்டே இருந்ததை உனக்கு இப்போது சொல்கிறேன். என் அப்பாவுக்குப் படகு இருந்தது உனக்குத் தெரியும். அந்தப் படகில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை என்றால் நம்புவாயா. எங்கள் பக்கத்தில் பெண்கள் படகில் ஏறுகிற வழக்கமில்லை. யாரும் அடித்துச் சொல்லவில்லை, ஏறக் கூடாது என்று தெரியும், அவ்வளவுதான். மீனைக் கூடையில் வாங்குவோம், விற்போம், வலையை உலர்த்துவோம். படகு போவதைப் பார்ப்போம், வருவதைப் பார்ப்போம். நடுவில் அது எங்கே இருந்தது, அங்கே தண்ணீர் என்ன நிறம் என்பதெல்லாம் ஆண்கள் சமாசாரம். சுனாமி வந்தபோது அந்தப் படகு உடைந்து சவுக்குத் தோப்புக்குள் போய்ச் சாய்ந்து கிடந்தது. நீ அப்போது காலேஜில் சேர்ந்த வருடம், என்னோடு வந்திருந்தாய். நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஊரே அழுதுகொண்டிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் நான் அந்தப் படகுக்குள் ஏறிக் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தேன். தரையில் கிடக்கிற படகுதானே, யார் கேட்கப் போகிறார்கள். சுற்றிலும் சவுக்கு மரம்தான் தெரிந்தது. அன்று நான் அழுத அழுகை செத்தவர்களுக்காக மட்டும் இல்லை தம்பி.

அதனால்தான் நாகப்பட்டினத்துக்கு அப்புறம் நீ எத்தனை தடவை கேட்டும் டீக்கடையைத் தவிர வேறெங்கும் இறங்கி ஓய்வெடுக்க நான் சம்மதிக்கவில்லை. நீ சொன்னது சரி. வலி வந்தது, கொஞ்ச நேரம் கூடவே இருந்தது, பிறகு எங்கோ இறங்கிவிட்டது. தொண்டிப் பக்கம் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடந்தபோது, நான் போகிறேனா, அது என்னைத் தாண்டிப் போகிறதா என்று தெரியவில்லை. என் கை கால் எல்லாம் யாருடையதோ போல இருந்தது. விழித்துக்கொண்டே பஸ் கனவு காண்கிற மாதிரி என்று வைத்துக்கொள். டீக்கடையில் நிறுத்தும்போதெல்லாம் ஆட்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு மைலேஜ் என்ன, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கொண்டையைச் சரிசெய்கிற என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் இறங்கியதை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால் மரத்துப்போய், செருப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்காக எனக்குத் துளி வருத்தமும் இல்லை, வருகிற வழியிலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. சீர்காழியில் சாப்பிட்டுக் கிளம்பினோம். மத்தியான வெயில், தயிர்சாதம், பக்கத்தில் சிதம்பரம். என் உடம்புக்குத் தன் ரோடு தெரியாதா, கொள்ளிடம் பாலத்திலேயே தூக்கம் வந்துவிட்டது. என் ஹெல்மெட் உன் ஹெல்மெட்டில் போய் இடித்தது. நீ பயந்துபோய் நிறுத்தினாய். என் துப்பட்டாவை எடுத்து நம் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டி, முடிச்சை உன் வயிற்றுப் பக்கம் போட்டுக்கொண்டாய். தூங்காதே, பேசிக்கொண்டே வா என்றாய். எனக்குப் பேச்சு வரவில்லை, நீ பேசு என்றேன். மெதுவாக ஓட்டிக்கொண்டு ஆபீஸைப் பற்றிப் பேசினாய், செயினைப் பற்றிப் பேசினாய், மேனேஜரைப் பற்றிப் பேசினாய். எல்லாம் தாலாட்டு மாதிரி இருந்தது, நான் மறுபடி இடித்தேன். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"எனக்கு ஒரு பொண்ண புடிச்சிருக்கும்மா. பேரு ஸ்டெல்லா. இந்த ஊருதான்."

"எந்த ஊரு?"

"இப்ப போய்க்கிட்டிருக்கமே, இந்த ஊரு."

தூக்கம் போன இடம் தெரியவில்லை. சிதம்பரத்துக்குள் இருந்தோம். நான் வேலை பார்த்த ஊர், எனக்குத் தெரியாமல் என் பிள்ளைக்கு வேறு ஒரு ஊராக இருந்திருக்கிறது. முடியாது என்றேன். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன், வேறு சாமி கும்பிடுகிற வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது, வண்டியை நிறுத்து, நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், அது உன் வயிற்றுப் பக்கம் இருந்தது. "வீட்டுக்குப் போயி எறங்கிக்கம்மா" என்றாய், அவ்வளவுதான். வெள்ளாற்றுப் பாலத்தில் நான் அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடுகிறது, துடைக்கவும் முடியாது. ஒன்றும் தெரியாமல் உன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் முதுகு ஒரு தடவை பெரிதாக ஏறி இறங்கியது. நீ மூச்சை இழுத்துவிட்டு அழுகையை அடக்குகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. முகத்துக்கு முகம் நின்றிருந்தால் நான் இன்னும் பத்து வார்த்தை பேசியிருப்பேன், நீயும் பேசியிருப்பாய், வீடு இரண்டாகியிருக்கும். வெறும் முதுகோடு எப்படிச் சண்டை போடுவது?

புதுச்சத்திரம் வந்தபோது, என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டேன். கேட்டது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். உன்னோடு படித்தவள் என்றாய். ஆலப்பாக்கத்தில் மீன் சாப்பிடுமா என்று கேட்டேன். "நல்லா சாப்புடும்மா, ஒன்ன விட ஜாஸ்தியா" என்றாய். நான் சிரித்ததை நீ பார்க்கவில்லை. முதுநகருக்குள் நுழையும்போது உன் காதுப் பக்கம் குனிந்து சொன்னேன்.

"அப்பாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நான் சொல்லிக்கறேன்."

வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் விளங்கியது. ஊட்டிக்குச் சிதம்பரம் வழி, ஹம்பிக்குச் சிதம்பரம் வழி, கோவாவுக்கும் சிதம்பரம் வழி. கோவாவுக்குப் போகிற எவனாவது சென்னையிலிருந்து சிதம்பரம் வந்து போவானா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பூகோளம் தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் ஆனது. நான் பேசும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்புறம் அந்தப் புயல் வந்தது. காற்று ஆரம்பித்ததும், அந்தத் தடவை நீ தகரக் கூரைக்குக் கீழே விட்டுவிட்டுப் போயிருந்த வண்டியை நானும் அவரும் தள்ளிக்கொண்டு வந்து ஹாலுக்குள் நிறுத்தினோம். குருவி உட்காருகிற சீட்டு என்று கேலி பண்ணிய மனுஷன் தன் போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினார். விடிந்து பார்த்தால் தெருவில் ஒரு மரம் நிற்கவில்லை. காடாம்புலியூர் வரைக்கும் முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, டிவி இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்தபடியே கேட்டார், "அந்தப் பொண்ணு வீடு எப்பிடி இருக்காம், ஒழுவுதா என்னன்னு பையன கேட்டியா?" சம்மதம் அப்படித்தான் வந்தது.

தம்பி, கல்யாணமான பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பெற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டுக்குள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதில் பாதி சாப்பாடு, பாதி சண்டை. மனதின் அடியில் கிடப்பது அப்படி மேலே வராது. அதற்கு இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போகிற ஒரு வழி வேண்டும். எங்களுக்கும் ஒன்று இருந்தது. உன் அப்பா முன்பு ஸ்கூட்டர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெள்ளிக் கடற்கரைக்குப் போவோம். உன் பெரியப்பாவோடு பேச்சு நின்றதைப் பற்றி, வேலையில் தனக்கு நடந்த அவமானத்தைப் பற்றி, அவர் என்னிடம் சொன்னதெல்லாம் அந்த ஸ்கூட்டரில் போகும்போதுதான். ஒரு நாள் அதை விற்றார், பேச்சு குறைந்துவிட்டது. விற்றதாலா, வயசானதாலா, எனக்குத் தெரியாது. ஆனால் உன் விஷயத்தில் நான் அந்தப் பரீட்சை பார்க்கத் தயாராக இல்லை.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். போன வாரம் சிதம்பரம் போயிருந்தேன், முகூர்த்தப் புடவைக்கு ஸ்டெல்லாவின் ஜாக்கெட் அளவு வாங்க. திரும்பும்போது அவளே பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். ஆன்ட்டி போய் இப்போது அத்தை ஆகியிருக்கிறது. பஸ் கிளம்ப நேரமிருந்தது, சும்மா நின்றுகொண்டிருந்தோம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அத்தை, அந்தப் பின் சீட்டு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏம்மா, உனக்குத் தெரியாதா என்றேன். அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற ஒரு பழக்கடையைக் காட்டினாள்.

"அங்கதான் வந்து நிப்பாரு. நான் இந்தப் பக்கம் நிப்பேன். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவங்க ஊரு பூரா இருக்காங்க, எங்க ஏறுறது. கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்துட்டுக் கெளம்பிடுவாரு. மூணு வருஷமா நான் அந்த வண்டி போறதத்தான் பாத்திருக்கேன் அத்தை."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வருத்தமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விற்கிறது உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லையே அத்தை என்றாள். அப்பா சொன்னார், அவர் சரி என்றுவிட்டார், நடுவில் நான் என்ன சொல்ல என்றாள். நான் பஸ் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்தபடியே போனேன். அன்று எனக்கு வந்த கோபம் ஆலப்பாக்கம்வரை ஆறவில்லை. மூன்று வருடம் ஒரு பெண் ஓரத்தில் நின்று நீ போவதையே பார்த்திருக்கிறாள். சேர்ந்து போகலாம் என்று ஊரும் உலகமும் சம்மதிக்கிற நாள் வரும்போது, அந்த வண்டியை நீ பண்ருட்டிக்கு அனுப்பப் பார்த்தாய்.

அவள் அப்பாவிடம் நேற்று நானே பேசினேன். பயமாகத்தான் இருக்கும், நானும் பயந்தவள்தான், இந்த வயதில் கன்னியாகுமரி போய் முழுசாக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். நல்ல மனுஷன், யோசிக்கட்டும். நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஸ்டெல்லாவுக்குச் சரியான அளவில் ஒரு ஹெல்மெட் வாங்கு, என்னுடையது அவளுக்குப் பெரிது. சீட்டுக்கு மெத்தை தைக்க நான் சொல்லிவிட்டேன். வளைவில் எப்படிச் சாய வேண்டும் என்பதை அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடு, ஆனால் எப்போதும் உன் பக்கமே சாய வேண்டும் என்று எதிர்பார்க்காதே. மெதுவாகப் போ. எங்கே போகிறது என்று அவளைக் கேள். எவ்வளவு தூரம் என்பதையும் அவளையே கேள். போய்விட்டு வந்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து விற்கலாம் என்று சொன்னால் நானே அந்தப் பண்ருட்டி ஆளுக்குப் போன் பண்ணுகிறேன். அதுவரைக்கும் சாவி என்னிடம்தான் இருக்கும். அவள் ஏறாமல் அந்த வண்டி இந்த வாசலை விட்டுப் போகாது.

அம்மா